முன்னால் மட்டும் போகும் கார்

ரெய்க்யவிக்
2 ஜூன் 1974

அன்புள்ள அக்கா சால்வருக்கு,

நானும் ஊனாவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நேற்று மாலை வானிலை அறிக்கைக்கு நடுவில் இருமியது நான் அல்ல, பக்கத்தில் இருந்த செய்தி வாசிப்பாளர். நீ வானொலி முன்னால் உட்கார்ந்து கவலைப்பட்டிருப்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான்: கார் வாங்கிவிட்டோம். பச்சை நிறம், ஏழு வயது, கதவுகளில் மூன்று நன்றாகத் திறக்கின்றன. அடுத்த மாதம் பதினான்காம் தேதி ஸ்கெய்தாரா மணல்வெளியில் பாலத்தைத் திறக்கிறார்கள். அன்றோடு நாட்டைச் சுற்றிப் போகும் சாலை முழு வட்டமாகிவிடும். உன்னைப் பார்க்க இனிமேல் வடக்கே தலையைச் சுற்றி வர வேண்டியதில்லை. மூன்று வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். வழியில் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே வருகிறோம்.

பத்தொன்பது வருடமாக வானிலை வாசிக்கிறேன். தினமும் பெயர் சொல்லும் ஊர்களில் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. ஊனா சொல்கிறாள்: "ஊருக்கெல்லாம் புயல் வருது, பனி வருதுன்னு சொல்றீங்க. நீங்க பார்த்ததெல்லாம் எதிர்வீட்டு மதில் மட்டும்தான்."

வண்டி ஓட்டுவதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்துப் பண்ணை பெர்கூர் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்றால், நான் வரும் நாளில் அவன் என் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

முழங்காலுக்குச் சூடு காட்டிக்கொண்டே இரு.

உன் தம்பி,
டோர்ஃபி


ஸ்டெய்ன்ஹோல்ட் பண்ணை, ஹோப்ன்
15 ஜூன் 1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்து முழங்கால் வலி மறந்துபோய் எழுந்து நின்றேன். பிறகு உடனே ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். இருமியது நீதான். உன் இருமல் எனக்குத் தெரியாதா? தேன் குடி.

இங்கே எல்லாம் நலம். ஆடுகள் குட்டி போட்டு முடித்துவிட்டன. வேலி சரிசெய்தாகிவிட்டது. கூரைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. இந்தக் காலோடு நீயா கூரை ஏறினாய் என்று கேட்காதே. காபி முன்பு போல வருவதில்லை, சீக்கிரம் தீர்ந்துபோகிறது. வரும்போது நான்கு பொட்டலம் வாங்கி வா.

பெர்கூரைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பாவின் சவப்பெட்டியை ஏற்றிய ஜீப்பை நான்தான் ஓட்டுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்ததும், சர்ச்சுக்குப் போகும் வழியில் அதை வாய்க்காலில் இறக்கியதும், அவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்ததும், "டோர்ஃபி, உங்க அப்பாவை ஒரு தடவை புதைச்சாப் போதும்ப்பா" என்று சொன்னதும் நடந்து பதினோரு வருடமாகிவிட்டது. ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். சரி, மறக்கவில்லை. ஆனால் இப்போது வருடத்துக்கு ஒரு முறைதான் சொல்கிறார்கள்.

நீ அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை என்று ஊனா ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதிய ஞாபகம். அதனால்தான் கேட்கிறேன்: காரை யார் ஓட்டப்போவது?

வரும் நாளைத் தெளிவாக எழுது. திடீரென்று வந்து நிற்காதே. வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும்.

அன்புடன்,
அக்கா


வீக் கிராமம்
17 ஜூலை 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். காருக்கு மட்டும் இடது விளக்கு போய்விட்டது. எதிரே வந்த பேருந்து ஒரு கல்லைத் தெறிக்க விட்டது. சரளைச் சாலை என்றால் அப்படித்தான்.

நேற்றுக் காலை கிளம்பினோம். வண்டி அருமையாக ஓட்டப்படுகிறது. வழியில் எரிமலை ஹெக்லாவைப் பார்த்தோம், தொப்பி போட்ட மாதிரி மேகம். வரைபடம் படித்தேன், ஏழு வகைப் பறவைகளைக் குறித்துக்கொண்டேன். பாலங்கள் வரும் இடத்தில் மட்டும் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்.

இங்கே வந்ததும் மாட்டிக்கொண்டோம். கிழக்கே மணல்வெளியில் புயல். கருமணல் பறக்கிறது. அதில் போனால் காரின் பெயிண்ட் உரிந்து வெறும் தகரம்தான் மிஞ்சும் என்கிறார்கள்.

பெட்ரோல் நிலையத்தில் ஒரு காபி கேட்டேன். வாயைத் திறந்ததும் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் எழுந்து வந்தார்.

"அட, அந்தக் குரலா! போன ஆகஸ்டுல காய்ஞ்ச வானிலைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் வாசிக்கறவன்தாங்க..."

"என் வைக்கோல் பூரா ஊறிப்போச்சு. இப்ப வந்து மாட்டினீங்களா?"

கடைக்காரி விடவில்லை. தலைக்கு மேலே பனிப்பாறை, அதற்கு அடியில் காட்லா எரிமலை. "எப்பங்க அது வெடிக்கும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப சீக்கிரம்தான்" என்று கடைக்குள்ளே பார்த்துக் கத்தினாள். இரண்டு பேர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

புயல் அடங்கியதும் கிளம்பி, ஸ்காஃப்டாஃபெல் முகாமில் சில நாள் தங்குவோம். காபி நான்கு பொட்டலம் பத்திரமாக இருக்கிறது.

அன்புத் தம்பி,
டோர்ஃபி


வீக்
அதே நாள்

அன்புள்ள அண்ணிக்கு,

அவர் கடித உறையை ஒட்டிவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். உங்கள் கால் தேவலையா?

கார் ஓட்டுவது நான். பிப்ரவரியில் உரிமம் வாங்கினேன். அவரும் தன் பழைய உரிமத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார், சட்டைப்பையில் பதக்கம் மாதிரி. குட்டித் தூக்கம் போட்டதாக எழுதியிருப்பாரே, அது தூக்கம் இல்லை. ஒற்றைவழிப் பாலம் வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறார். மூடிக்கொண்டே "நீ பாட்டுக்குப் போ, எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். உங்கள் பண்ணைக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் காரை நிறுத்தி இடம் மாறிக்கொள்ள வேண்டும். அவர் ஓட்டிக்கொண்டு முற்றத்துக்குள் வர வேண்டும். நீங்கள் ஆச்சரியப்பட வேண்டும். மறக்காமல் ஆச்சரியப்படுங்கள்.

அந்த பெர்கூர் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தூக்கத்தில் அந்த மனிதரோடு சண்டை போடுகிறார்.

உங்கள்,
ஊனா


ஸ்டெய்ன்ஹோல்ட்
19 ஜூலை 1974

அன்புள்ள ஊனாவுக்கு,

உடம்பெல்லாம் நலம், மனசுதான் சரியில்லை. இதைப் புதிய பேருந்து ஓட்டுநர் கையில் ஸ்காஃப்டாஃபெல் முகாமுக்குக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

பெர்கூர் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். அது கஷ்டம். அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார். பிப்ரவரியிலிருந்து. கூரைக்குப் பெயிண்ட் அடித்தது அவர். காபியைத் தீர்ப்பதும் அவர்தான். ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, எங்களுக்குக் கல்யாணம். ஐம்பத்தேழு வயதில் என்ன கல்யாணம் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சர்ச்சில் என் பக்கத்தில் வந்து நிற்க டோர்ஃபியை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் ஆடுகளைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன்.

பெர்கூர் கேட்டார்: "அவன் வர்ற அன்னிக்கு நான் வேணா மலைக்குப் போயிடட்டுமா? ஆட்டைப் பார்க்கறேன்னு சொல்லிக்கலாம்."

"சொந்த வீட்ல இருந்து எதுக்கு ஓடணும்? கேக் பண்ணு. வாயில இனிப்பு இருந்தா மனுஷன் உடனே கத்த மாட்டான்" என்றேன்.

நீ எதுவும் சொல்லாதே. வந்ததும் உட்கார வைத்து, காபி கொடுத்து, நானே சொல்கிறேன். அதுவரை அவனை நிதானமாகக் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
சால்வர்


ஸ்காஃப்டாஃபெல் முகாம்
22 ஜூலை 1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஊனாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் முழுக்கச் சரியாகவும் இல்லை. நேற்று பனிப்பாறையின் அடிவாரம் வரை நடந்தோம். நீலப் பனி, அதற்குள் கோடு கோடாகப் பழைய எரிமலைச் சாம்பல். "எத்தனை வருஷத்துச் சாம்பலோ" என்று நான் அண்ணாந்து பார்த்த நேரத்தில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள், கட்டுப் போட்டுவிட்டாள்.

ஆகவே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை காரை ஓட்டியது ஊனா.

வேறு யாரையாவது ஓட்டச் சொல்லலாம் என்றேன். கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "கார் உங்க பேர்ல. உரிமம் உங்க பையில. அக்கா உங்க அக்கா. அப்புறம் எதுக்கு மத்தவங்க?"

நாளை நான் ஓட்டுகிறேன். உன் வீட்டுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். இருபத்தாறு ஒற்றைவழிப் பாலங்கள் என்று வரைபடத்தில் எண்ணி வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வேன் என்று ஊனாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

உனக்காகத்தான் இது, அக்கா.

டோர்ஃபி


ட்யூபிவோகுர்
24 ஜூலை 1974

சால்வருக்கு,

என் உடல்நிலையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. உன் முழங்காலையும் கேட்கவில்லை.

நேற்று உன் வீட்டு வாசலில் உன்னிடம் சொல்ல வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன், வீணாகப் போக வேண்டாம் என்பதற்காக. ஆறு மணி நேரம் ஓட்டினேன். புதுப் பாலத்தைப் பார்க்க நாடே வந்திருந்தது. ஒரு கட்டத்தில் எனக்குப் பின்னால் இருபத்து மூன்று கார்கள். ஊனா எண்ணினாள். பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரிக்கரையில் ஒதுங்கி எல்லோருக்கும் வழிவிட்டேன். கீழே இறங்கி நின்றபோது ஒரு பெரிய கடல்பறவை மேலிருந்து பாய்ந்து என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் சிரித்தேன். பல வருடங்களாக அப்படிச் சிரித்ததில்லை. மறுபடி ஏறி ஓட்டியபோது ஒரு பாலத்திலும் கண்ணை மூடத் தோன்றவில்லை. இதை உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்தால் பெர்கூர். உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தான். "வாப்பா டோர்ஃபி, உக்காரு" என்கிறான், அப்பாவின் மேஜையில்.

எழுதியிருக்கலாம். இரண்டு மாதம் ஆடு, வேலி, கூரை என்று எழுதத் தெரிந்த உனக்கு, இதை எழுதத் தெரியவில்லை.

அவன் அன்று சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். பேசத் தெரியாதவன், ஏதோ பேசினான். நான் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய்.

உன் முற்றம் மிகவும் குறுகலானது. அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

டோர்ஃபி


ஸ்டெய்ன்ஹோல்ட்
30 ஜூலை 1974
ஆகுரேரி அஞ்சலகத்தில் வைத்திருந்து கொடுக்கவும்

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், முழங்கால் வலிக்கிறது. உன் தொண்டை கட்டியிருக்கும், அவ்வளவு கத்தினாய்.

முற்றம் குறுகலானது இல்லை. அதில் பால் லாரி திரும்புகிறது. நீ காரில் ஏறிக் கதவை அறைந்தாய். ஊனா பக்கத்துக் கதவு திறக்காதது என்பதால் அவள் பின்கதவு வழியாக ஏறினாள். பிறகு நீ கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாய். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கோபத்தில் இருக்கிறாய் என்று நினைத்தோம். ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்பது பெர்கூருக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைத் திறக்காதே என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஏப்ரனோடு உன் ஜன்னலுக்கு வந்தார்.

"கொஞ்சம் நகந்துக்கப்பா. திருப்பி மட்டும் குடுத்துட்டுப் போயிடறேன்."

நீ நகர்ந்தாய். அவர் காரைத் திருப்பி, சாலையைப் பார்த்து நிறுத்தி, இறங்கி, உனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ அவர் முகத்தைப் பார்க்காமல் போனாய். அவர் சிரிக்கவில்லை, டோர்ஃபி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ கண்ணை விட்டு மறைந்த பிறகும் சிரிக்கவில்லை. கேக்கை மூடி வைத்தார்.

எழுதாதது என் தப்புதான். உனக்குப் பயந்தேன். அக்காவாக இருந்துகொண்டு தம்பிக்குப் பயப்படுவது எவ்வளவு அசிங்கம் என்று இப்போது தெரிகிறது.

ஆம், அன்று நான் சிரித்தேன். அப்பா படுத்திருந்த ஏழு வாரமும் நான் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு வேலை இருந்தது. அன்று ஜீப்புக்குப் பின்னால் நடக்கும்போது எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீ வாய்க்காலில் இறங்கியதும் கண் இருட்டியது. பெர்கூர் டிராக்டரில் இருந்து என்னைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். பின்னால் ஒரு நாள் கேட்டேன், அதற்காகத்தான் சொன்னாராம். உன் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவில்லையாம்.

நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்று அப்பாவைத் தாங்கிக்கொண்டிருந்தவன் நீ. முதலில் உன்னிடம் வந்து கை கொடுத்திருக்க வேண்டியது நான்.

கல்யாணம் ஆகஸ்ட் 24, பகல் இரண்டு மணி. நீ வராவிட்டாலும் நடக்கும். ஆனால் என் வலது பக்கத்தில் யாரையும் நிறுத்தமாட்டேன்.

அக்கா


ஆகுரேரி
3 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். என் மணிக்கட்டு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் மறுபடி நான்தான் ஓட்ட வேண்டும். கிழக்கு மலைகள், மீவாட்னில் கொதிக்கும் சேற்றுக் குழிகள், எல்லா வளைவுகளிலும் அவரே ஓட்டினார். ரிவர்ஸ் பற்றிக் கேட்டால், "சாலையே வட்டம். முன்னாடியே போய்க்கிட்டிருந்தா வீடு வந்துடும். எதுக்கு ரிவர்ஸ்?" என்கிறார். தவறிப்போய் ஒரு முட்டுச் சந்துக்குள் நுழைந்தோம். நான்கு சுற்றுலாப் பயணிகள் காரைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். அவர்களுக்கு அந்த வட்டாரத்தின் நாளைய வானிலையைத் தன் வானொலிக் குரலில் இலவசமாகச் சொன்னார். தப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தை அஞ்சலக வாசலில் நின்றே படித்தார். பிறகு காரில் உட்கார்ந்து இரண்டாம் முறை. மூன்றாம் முறை படிக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அது இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் காரைத் துறைமுகத்துக்கு ஓட்டிப் போனார். காலி ஹெர்ரிங் மீன் பீப்பாய்களை இரண்டு வரிசையாக அடுக்கினார். "நீ இறங்கி நின்னு பார்த்துச் சொல்லு" என்றார். மூன்று மணி நேரம் பின்னால் எடுத்தார். ஐந்து பீப்பாய்கள் கடலில் இருக்கின்றன. மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள்.

"உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா இப்படி உயிரை விடறாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன். தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு வருவாரா என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. ஏழாம் தேதி அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். கேட்டால் ஜன்னலைத் துடைக்கிறார்.

உங்கள்,
ஊனா


தந்தி
ரெய்க்யவிக், 22 ஆகஸ்ட் 1974

தென்கிழக்குக் கரைப் பகுதிக்கு. மேற்கிலிருந்து இருவர் நகர்ந்து வருகின்றனர். வெள்ளி மாலை வந்து சேரலாம். கோபம் வலுவிழந்துவிட்டது. சர்ச் பகுதியில் சனிக்கிழமை ஆங்காங்கே தூறல் இருக்கும். வலது பக்க இடத்தைக் காலியாக வைக்கவும். டோர்ஃபி


ஸ்டெய்ன்ஹோல்ட்
15 செப்டம்பர் 1974

அன்புத் தம்பிக்கும் ஊனாவுக்கும்,

இருவரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. என் முழங்காலைக் கல்யாணத்தன்று ஆடவிட்டதற்கு அது இன்னும் பழி வாங்குகிறது. பரவாயில்லை.

சர்ச்சில் நான் அழவில்லை என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அழ நேரமே இல்லை. உன் கைக்குட்டை நனைந்து, பிறகு என் கைக்குட்டை நனைந்து, கடைசியில் பாதிரியார் தன்னுடையதைக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. பெர்கூர் இன்னும் சொல்கிறார்: "வாழ்நாள் பூரா இவகூட இருப்பியான்னு பாதிரியார் என்னைத்தான் கேட்டாரு. உன் தம்பி முந்திக்கிட்டு 'இருப்பான், இருப்பான்'னு சொல்லிட்டான். அப்புறம் நான் சொன்னது சட்டப்படி செல்லுமா?"

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நீ சாலையிலிருந்து முற்றம் வரை காரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தாயே, அதையும் விடாமல் சொல்கிறார்கள். யாரும் அப்படி வரச் சொல்லவில்லை. வேலிக்கால் இரண்டு போனது. நீ இறங்கி, "மச்சான், வாய்க்கால் எந்தப் பக்கம்னு சொல்லியிருந்தா அதுலயே விட்டிருப்பேன்" என்றாய். அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று. நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நீங்கள் போன பிறகு ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினோரு வருடம் நீ வரவில்லை, வரவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலம் இல்லை, சாலை இல்லை என்றும் சொல்வேன். ஆனால் ஹோப்னிலிருந்து ரெய்க்யவிக்குக்கு அப்போதே வாரம் மூன்று விமானம் இருந்தது. என் பீரோவில் பணமும் இருந்தது. நான் ஒரு தடவைகூட வரவில்லை. நீயும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அது எப்படி உனக்குத் தோன்றாமல் போயிருக்கும்?

நேற்றோடு ஆடுகளை மலையிலிருந்து இறக்கியாகிவிட்டது. பெர்கூர் டயர்களைச் சோதித்துவிட்டார். புதன்கிழமை காலை கிளம்புகிறோம். அவர் ஓட்டுவார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வருவேன். மணல்வெளிக்கு மேற்கே தரைவழியாகப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை.

வியாழன் மாலை வந்துவிடுவோம். நீ வாசலில் வந்து நிற்காதே, ஜன்னலில் எட்டிப் பார்க்காதே. உள்ளேயே இரு. நான் படியேறி வந்து உன் கதவைத் தட்ட வேண்டும்.

உன் அக்கா,
சால்வர்